நாலாவது பை

1

இந்தக் கதை எங்கே பிடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கேட்டு நான் மென்று விழுங்குவதைவிட அது நல்லது.

சிங்கப்பூரில், தெம்பனிஸில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். போனது வேறு வேலையாக. அந்த வீட்டு அம்மாள் ஓர் ஆல்பத்தை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு காட்டினார். கடையில் வாங்கியதல்ல, வீட்டில் தைத்தது. தடித்த பக்கங்களின் மேல் கண்ணாடித்தாளைப் பைபோல வைத்து மிஷினில் ஓடவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு படம், படத்துக்குக் கீழே யார் எவர் என்று எழுதிய துண்டுக் காகிதம். எல்லாம் ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் எடுத்தவை. அந்த அம்மாள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்து ஒன்றாகத் திருப்பினார்.

அவ்வளவுதான். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஈரக்காற்றில் தாள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் லிஃப்டில் இறங்கும்போதே என் புத்தி அந்த இரண்டு தாள்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. கீழே வந்து சேர்வதற்குள் ஒரு சிறுமியைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டேன். அந்த அம்மாளுக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

ஆரம்பத்தை எழுதிப் பார்த்தேன்.

[1962ஆம் ஆண்டு. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சிராங்கூன் சாலையின் இருமருங்கிலும்—]

இது பள்ளிக்கூடப் பாடம். அடித்துவிட்டேன்.

[சிவகாமசுந்தரி தன் மகளின் படங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.]

வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் அந்த மனுஷியை நீங்கள் எடுத்த எடுப்பிலேயே வெறுத்துவிடுவீர்கள். வெறுப்பதற்கு முன்னால் அவள் தைத்ததைப் பார்த்துவிடுங்கள். அதனால் தையல் மிஷினிலிருந்து தொடங்குகிறேன்.

சிவகாமசுந்தரியின் வீட்டுக்காரர் மாணிக்கம், சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலையில் இருந்தார். குடியிருந்தது கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடி. கூடம் ஒன்று, படுக்கிற அறை ஒன்று, பின்பக்கம் அடுப்படி. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவு கிடையாது. ஒரு துணித் திரை தொங்கும்.

அவளும் முதலில் எல்லாரையும்போலக் கடையில் விற்கிற கறுப்புத்தாள் ஆல்பம் வாங்கித்தான் பார்த்தாள். படத்தின் மூலைக்கு மூலை மாட்டுகிற முக்கோணங்கள் இந்த ஊர் வெக்கையில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பசை தடவி ஒட்டினாள். கரப்பான் வந்து, பசையோடு சேர்த்து மாணிக்கத்தின் கல்யாணப் படத்தில் அவருடைய காதையும் தின்றுவிட்டுப் போனது. மாணிக்கம் ஒரு வாரம் அந்தக் கரப்பானைத் தேடினார்.

அதன்பிறகுதான் சிவகாமிக்கு அந்த யோசனை வந்தது. கடையில் பழையதாகிப்போன துணிச் சாம்பிள் புத்தகம் ஒன்று கிடந்தது. துணித் துண்டுகளைப் பிரித்துவிட்டால் தடித்த அட்டைப் பக்கங்கள். ஆயத்தச் சட்டைகள் கண்ணாடித்தாள் உறையில் வரும். சட்டையை அலமாரியில் மாட்டிவிட்டு உறையைக் குப்பையில் போடுவார்கள். அந்த உறைகளையெல்லாம் மாணிக்கத்தைக் கொண்டுவரச் சொல்லி, வெட்டி, பக்கத்துக்கு நாலு பையாக வைத்துத் தைத்தாள்.*

அந்த ஆல்பத்துக்கு ஒரே ஒரு சட்டம். எதையும் ஒட்டக் கூடாது, சொருகத்தான் வேண்டும். அதனால் படம் மட்டும் என்றில்லாமல் எதை வேண்டுமானாலும் வைக்க முடிந்தது. மகன் தனசேகரனின் ஓட்டப்பந்தய ரிப்பன், மகள் பூவம்மாவுக்கு முதல்முடி இறக்கியபோது எடுத்துவைத்த ஒரு சிட்டிகை முடி, குடும்பத்தோடு கத்தோங் கடற்கரைக்குப் போய்வந்த பஸ் டிக்கெட்டுகள். பிள்ளைகள் உருவிப் பார்ப்பார்கள், திரும்பச் சொருகுவார்கள். பூவம்மாவுக்கு மழைநாளில் அதுதான் விளையாட்டு. அம்மாவின் படத்துக்குப் பின்னால் தன் படத்தை ஒளித்து வைத்துவிட்டு, நான் எங்கே என்று கேட்பாள்.

* கண்ணாடித்தாளை மிஷினில் தைக்க முடியுமா என்று எனக்கே சந்தேகம் வந்து, தைத்துப் பார்த்தேன். ஊசி போன வழியிலேயே கிழிந்தது. பழைய செய்தித்தாளை அடியில் கொடுத்து, தையலை நீளமாக வைத்தால் நிற்கிறது என்று பிறகு தெரிந்தது. சிவகாமி எத்தனை உறைகளை வீணாக்கிக் கற்றாளோ. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவள் எதையும் அலட்சியமாகச் செய்கிறவள் இல்லை.

3

பூவம்மாவைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் இதுவரை ஓட்டிவிட்டேன். சிவகாமி செய்ததையே நானும் செய்கிறேனோ என்று இப்போது உறைக்கிறது.

பூவம்மா சீனக் குழந்தை. பின்சந்தில் குடியிருந்த ஒரு சீனக் குடும்பத்தில் வரிசையாகப் பெண்கள். கடைசியாக வந்தவள் 1950இல், புலி ஆண்டில் பிறந்தாள். புலி ஆண்டில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்று அவர்களுக்கு ஒரு பயம். யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று விசாரித்தார்கள். சிவகாமிக்குத் தனசேகரனுக்குப் பிறகு பத்து வருஷமாக வயிறு திறக்கவில்லை. ஒரு காலைநேரம், தேக்கா மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள், கூடையை ஒரு கையிலும் குழந்தையை ஒரு கையிலுமாக மாடியேறி வந்தாள்.

"என்ன இது?" என்று கேட்டார் மாணிக்கம்.

"பொண்ணு," என்றாள்.

அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. தெருவிலும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் இப்படி ஒரு பிள்ளை வளர்கிற தமிழ் வீடு அக்கம்பக்கத்தில் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்தது. பூவம்மா ரசம் சோறு தின்று, பாவாடை சட்டை போட்டு, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கினாள். ஆல்பத்தில் படங்களுக்குக் கீழே சொருகியிருந்த துண்டுக் காகிதங்கள் எல்லாம் அவள் எழுதியவைதான். வீட்டிலேயே அவள் எழுத்துதான் முத்துமுத்தாக இருக்கும்.

வெளியில் சொல்ல வேண்டிய ஒரே இடம் மன்னார்குடி. மாணிக்கத்தின் அக்காள் அன்னம்மா அங்கே இருந்தார். அவருக்கு மாணிக்கம் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. அக்காள் கொஞ்சம் கறார், நேரில் போகும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஊருக்குப் போகவே முடியவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும், போன கடிதத்தில் சொல்லாததை இந்தக் கடிதத்தில் எப்படிச் சொல்வது என்ற சங்கடம் கூடிக்கொண்டே போனது. பன்னிரண்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

[இதில் வில்லன் யார்?]

மேலே இருக்கிற கேள்வியை அடிக்காமல் விடுகிறேன். அன்னம்மாவை வில்லியாக்கி ஒரு பக்கம் எழுதினேன். மூக்குத்தி, உரத்த குரல், சாதிப் பேச்சு எல்லாம் கொடுத்தேன். பிறகுதான் தோன்றியது, அந்த அம்மாளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கவே இல்லையே. கோபப்பட்டிருப்பாரா, ஒரு ஜோடி வளையல் வாங்கி அனுப்பியிருப்பாரா, எனக்கே தெரியாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

4

1962இல் தனசேகரனுக்கு இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் கணக்கெழுதும் வேலை. அன்னம்மா ஒரு பெண் பார்த்து எழுதியிருந்தார். நல்ல குடும்பம். பெண்ணின் தகப்பனாருக்குச் சிங்கப்பூர் என்றால் கொஞ்சம் பயம். அங்கே இவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்கிறார். நேரில் வர முடியாது. ஆகவே குடும்பப் படங்களை எல்லாம் அனுப்பிவை.

படம் என்றதும் சிவகாமிக்கு ஒரே பெருமை. என் ஆல்பத்தையே அனுப்புகிறேன் என்றாள். பெருமை அடங்கிய பிறகுதான் மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"கல்யாணம் ஒண்ணு முடியட்டும்," என்றார் மாணிக்கம். "அப்புறம் நானே அக்காளுக்கு விவரமா எழுதுறேன். இப்ப எழுதுனா, இத்தனை வருஷமா ஏன் மறைச்சேன்னுதான் முதல்ல கேக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க, வேற எதெல்லாம் மறைச்சிருக்காங்களோன்னு நெனைப்பாங்க."

"அதுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லல. நீயே பாத்துச் செய்."

சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். இந்த 'நீயே பாத்துச் செய்' என்பதை எழுதும்போது எனக்கே அவர்மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் மூன்று முறை மாற்றி எழுதியும் அவர் அதையேதான் சொன்னார்.

5

இனி அந்த மத்தியானம்.

சாப்பாடான பிறகு, கட்டிலில் ஒரு பழைய சேலையை விரித்து ஆல்பத்தை வைத்துக்கொண்டாள் சிவகாமி. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். முதலில் வந்தது கன்னத்தில் கொழுக்கட்டை அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்த கைக்குழந்தைப் படம். இரண்டு விரலால் மேல் நுனியைப் பிடித்தாள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இவ்வளவு லேசாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. அடுத்தது பிறந்தநாள் படம். அதுவும் வந்தது. ஒட்டியிருந்தால் கிழிக்க வேண்டியிருந்திருக்கும். கிழிகிற சத்தம் காதில் விழுந்திருந்தால் நிச்சயமாக நிறுத்தியிருப்பாள்.

['நிச்சயமாக' என்பதை எடுத்துவிட வேண்டும்.]

கொஞ்ச நாளைக்குத்தான், டின்னில்தானே இருக்கப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல உடம்பு கூசியது. காலியான பைகளில் இருக்கிற மற்றப் படங்களை நிரவிச் சொருகினாள். கத்தோங் கடற்கரையில் அண்ணனும் தங்கையும் நின்ற படம் போய், அண்ணன் மட்டும் நிற்கிற படம் வந்தது.

சிக்கல் வந்தது ஸ்டூடியோப் பக்கத்தில். 1959 பொங்கலுக்கு சிலிகி ரோட்டு ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தவை. முதல் பையில் கணவனும் மனைவியும், இரண்டாவதில் தனசேகரன், மூன்றாவதில் காகித ரோஜாவோடு பூவம்மா. நாலாவது பையில் நாலு பேரும். மாணிக்கம் கோட்டுப் போட்டு எடுத்த ஒரே குடும்பப் படம் அது. கல்யாணக் காரியத்துக்கு அது இல்லாமல் முடியாது.

பெட்டிக்கு அடியில் ஒன்று கிடந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குப் போட்டோக்காரர் முதலில் எடுத்தது வீணாய்ப் போயிருந்தது. அவர் அமுக்குகிற நேரம் பார்த்து, ரிப்பன் அவிழ்ந்துவிட்டது என்று பூவம்மா வெளியே ஓடிவிட்டாள். படத்தில் மாணிக்கம் இருக்கிறார், தனசேகரன் இருக்கிறான், சிவகாமி இருக்கிறாள். சிவகாமியின் வலதுகை மட்டும், எட்டு வயதுப் பிள்ளையின் தோள் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில், எதன் மேலும் படாமல் நிற்கிறது. வீணான படம்தானே, சும்மா வைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டோக்காரர் கொடுத்திருந்தார்.

அதை எடுத்து நாலாவது பையில் சொருகினாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிஸ்கட் டின்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பூவம்மா பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்றாள்.

"என்னம்மா, எல்லாம் பரப்பி வச்சிருக்கீங்க?"

"மன்னார்குடிக்கு அனுப்பணும். அத்தர் கடை ஒலி மாமா ஊருக்குக் கப்பலேறுறாரு, அவருகிட்ட குடுத்தனுப்பப் போறேன்."

"அண்ணனுக்குப் பொண்ணு பாக்கவா?"

"ம்."

பூவம்மா பையை வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறி உட்கார்ந்து ஆல்பத்தைப் புரட்டினாள். முதல் பக்கம், இரண்டாவது பக்கம். பிறகு வேகமாகக் கடைசிவரை. பிறகு திரும்பவும் முதலிலிருந்து மெதுவாக.

[அவள் கண்களில் நீர் திரண்டது.]

பொய். நீர் எதுவும் திரளவில்லை. அழவைத்துவிட்டால் எனக்கும் சிவகாமிக்கும் வேலை சுலபம். சிவகாமி கட்டிக்கொள்வாள், நான் அத்தியாயத்தை முடித்துக்கொள்வேன். பூவம்மா அழாமல் பேனாவைத் தேடினாள்.

"துண்டெல்லாம் மாத்தணும்மா. இங்க பாருங்க, 'அண்ணனும் நானும், கத்தோங் கடற்கரை'ன்னு இருக்கு. படத்துல அண்ணன் மட்டும்தான் நிக்குது. பாக்குறவங்க கேப்பாங்க."

அந்தத் துண்டுகளை மாற்ற வேண்டும் என்பதே சிவகாமிக்குத் தோன்றியிருக்கவில்லை. பூவம்மா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து அளவாக மடித்துக் கிழித்துக்கொண்டாள். எழுதினாள். 'தனசேகரன், கத்தோங் கடற்கரை.' ஊதிக் காயவைத்துச் சொருகினாள். அடுத்தது. அடுத்தது. பரிசு வாங்கிய அதே கையெழுத்து, ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

ஸ்டூடியோப் பக்கத்துக்கு வந்தாள். நாலாவது பையைப் பார்த்தாள். 'மாணிக்கம், சிவகாமசுந்தரி, மகன் தனசேகரன்' என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரே பிள்ளைன்னு போடட்டுமாம்மா? பொண்ணு வீட்டுல அதைத்தானே முதல்ல கேப்பாங்க."

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தபோதும் பூவம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியேதான் இருந்தாள்.

"ம்," என்றாள் சிவகாமி.

பூவம்மா எழுதினாள். பிறகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"உங்க கை சும்மா நிக்குதும்மா. அத்தை கேட்டாங்கன்னா, அங்க ஒரு நாற்காலி இருந்துச்சு, யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்லிருங்க."

குழந்தை கேலி செய்திருந்தால் சிவகாமி தாங்கியிருப்பாள். கோபித்து ஆல்பத்தை வீசியிருந்தால்கூடப் பொறுக்கிக் கொடுத்திருப்பாள். உதவி செய்கிற பிள்ளையை என்ன செய்வது? அவமானத்தில் அவளுக்குக் காது மடல்வரை சுட்டது. அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லையே, இத்தனையும் இதற்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாள். அதைவிட மோசமான இன்னொன்றும் தோன்றியது. எப்போதிருந்து தெரியும்?

பூவம்மா பேனாவை மூடிவிட்டு, "டின்னை மேல வைங்கம்மா, கட்டிலுக்கு அடியில கரப்பான் வரும்," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

6

தனசேகரனை நான் மறக்கவில்லை. அவனுக்கு ஒரு நல்ல வசனம் எழுதி வைத்திருந்தேன். 'தங்கச்சியை மறைச்சு வர்ற கல்யாணம் எனக்கு வேணாம்' என்று அவன் சொல்வதாக ஏற்பாடு. சாயந்திரம் வேலை முடிந்து வந்தான். ஆல்பத்தைப் புரட்டினான். கடற்கரைப் படம் இருந்த பக்கத்தையே கொஞ்சநேரம் பார்த்தான்.

"என்னம்மா இது. இப்படில்லாம் எதுக்குலா."

"உங்கப்பாகிட்ட சொல்லு."

அவன் சொல்லவில்லை. பெண்ணின் படத்தை அத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தார். அது அவன் சட்டைப்பையில் இருந்தது. அதில் அந்தப் பெண் மிக அழகாக இருந்தாள். கோப்பிக் கடைக்குப் போய்வருகிறேன் என்று இறங்கிப் போய்விட்டான். அவன் அன்றைக்குத் தங்கைக்கு மிட்டாய் வாங்கிவந்தான் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

7

மறுநாள் சாயந்திரம் ஒலி முகம்மது வந்தார்.

அவர் நாகூர்க்காரர். சிராங்கூன் ரோட்டில் அத்தரும் தொப்பியும் தைலமும் விற்கிற சின்னக் கடை. மாணிக்கத்துக்குப் பழக்கம், பூவம்மாவைத் தூக்கி வளர்த்தவர்களில் ஒருவர். அந்த நாளில் யார் கப்பலேறினாலும் தெருவுக்கே சாமான் சுமப்பார்கள். சோப்பு, சேலை, கோடாலித் தைலம், இன்னாருக்கு என்று பெயர் ஒட்டிய பொட்டலங்கள். ஊரில் பொட்டலத்தை வாங்கிக்கொள்கிறவர்கள் கொண்டுவந்தவரைச் சும்மா அனுப்புவதில்லை. உட்காரவைத்துச் சோறு போட்டு, எங்கள் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள், வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்று கேட்டுத் தீர்ப்பார்கள். படம் காட்டுவது பாதி, கொண்டுபோகிறவர் சொல்வது பாதி. இதை ஏன் சிவகாமி யோசிக்காமல் போனாள் என்று கேட்காதீர்கள். கண்ணாடித்தாள் தைக்கிற பொறுமை இருக்கிறவளுக்கும் சிலது தட்டுப்படாமல் போகிறது.

மாணிக்கம் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. தனசேகரனும் இல்லை. பூவம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன பூவு, மாமாவுக்குச் சீனி கம்மியா போட்டியா?"

"போட்டேன் மாமா."

"ஊருல இருந்து உனக்கு என்ன வேணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாம் மாமா. பத்திரமா போய்ட்டு வாங்க."

திரையை விலக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஒலி முகம்மது ஆல்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பார்க்க வேண்டும் என்றில்லாமல் சும்மா புரட்டினார். பாதியில் நிதானித்தார். திரும்ப முதலிலிருந்து வந்தார். நாலாவது பையில் இருந்த துண்டுக் காகிதத்தை வாசித்தார். அவருக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரியும். கடைக்கு விலைச்சீட்டு எழுதிக் கொடுப்பதே அவள்தான்.

ஆல்பத்தை மூடி, பக்கத்தில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, சாமான் கொண்டுபோறது என் கடமை. கொண்டுபோறேன். ஆனா அன்னம்மா அக்கா என்னை உக்காரவச்சுக் கேக்கும். தம்பி வீட்டுல எத்தனை பேருன்னு கேக்கும். நானா ஒண்ணு சொல்லி, அது தப்பாப் போயிறக்கூடாது. என்ன சொல்லணும்னு நீங்க சொல்லிருங்க. அதையே சொல்றேன்."

சிவகாமி தலையைக் குனிந்துகொண்டாள். இவ்வளவு நேரமும் ஒரு பொய்யைக்கூட அவள் வாயால் சொல்லவில்லை. உருவினாள், சொருகினாள், 'ம்' என்றாள். இப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

8

முடிவுகள்.

(அ) "மூணு பேருன்னு சொல்லிருங்கண்ணே," என்கிறாள். ஒலி முகம்மது கோப்பியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போகிறார். கல்யாணம் நடக்கிறது. மருமகள் கப்பலில் வந்து இறங்குகிறாள். துறைமுகத்தில் எல்லாரும் நிற்கிறார்கள். யார் இது என்று மருமகள் கேட்பதற்குள் பூவம்மா முந்திக்கொண்டு, 'பக்கத்து வீடு அண்ணி, பெட்டி தூக்க வந்தேன்' என்கிறாள். இதை முழுசாக எழுதினேன். படித்துப் பார்த்தேன். இனி ஒருமுறை படிக்க என்னால் ஆகாது.

(ஆ) சிவகாமி எழுந்து போய் டின்னைக் கொண்டுவந்து, ஒலி முகம்மது பார்க்கப் பார்க்க ஒவ்வொரு படத்தையும் அதனதன் பையில் சொருகுகிறாள். இதுதான் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. எழுதி முடித்தபோதுதான் கவனித்தேன்: படங்கள் திரும்பி வந்துவிட்டன, துண்டுக் காகிதங்கள் பூவம்மா மாற்றி எழுதியபடியேதான் இருக்கின்றன. 'ஒரே பிள்ளை' என்பதும் இருக்கிறது. அதை மாற்றி எழுத வேண்டுமானால் பூவம்மாவைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது என்று சிவகாமிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

(இ) ஆல்பத்தை அனுப்பவேயில்லை. கல்யாணம் கலைகிறது. தனசேகரன் அந்தப் பெண்ணின் படத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான். தன்னால்தான் அண்ணனுக்கு இப்படி ஆனது என்று பூவம்மா நினைத்துக்கொள்கிறாள். இது யாருக்கு நல்லது?

(ஈ) [தெம்பனிஸில் அந்த அம்மாள் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பியதற்குக் காரணம்—]

இல்லை. அவரைச் சம்பந்தப்படுத்தமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

9

முடிவை நான் எழுதப்போவதில்லை. இது தந்திரம் என்று நீங்கள் நினைக்கலாம். சிவகாமிக்காகப் பதில் சொல்லச் சொல்ல, பதில் என்னுடையதாகப் போய்விடுகிறது. அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது வீணாகிவிடுகிறது. அதனால் ஒலி முகம்மதுவின் எதிரே இருக்கிற அந்த இடத்தை உங்களுக்கு விட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். உட்காருங்கள். அவர் அவசரப்படுத்தமாட்டார், நல்ல மனுஷர். ஆல்பம் பக்கத்தில் இருக்கிறது, டின் அறைக்குள் அலமாரிமேல் இருக்கிறது. உங்கள் மகனுக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். வீட்டில் எத்தனை பேர் என்று சொன்னால் போதும்.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். அடுப்படியில் கொஞ்சநேரமாகப் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததல்லவா, ஒலி முகம்மது கேள்வி கேட்டதிலிருந்து அது நின்றுவிட்டது. நடுவில் இருப்பது துணித் திரைதான். நீங்கள் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அவளுக்குக் கேட்கும்.